கைப்பேசியும் உடம்பும்: சுங்கை சிப்புட்டில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எந்தத் தாமானில் (குடியிருப்பில்) புது கைப்பேசி டவர் வரப்போகிறது என்று பேச்சுக் கிளம்பினாலும் இரண்டு கூட்டம் நடக்கும். இங்கே லைன் கிடைப்பதில்லை, டவர் வேண்டும் என்று கேட்பது ஒன்று. டவர் வந்தால் புற்றுநோய் வரும், வேண்டாம் என்று எதிர்ப்பது இன்னொன்று. பல நேரம் இரண்டிலும் அதே ஆட்கள்தான் உட்கார்ந்திருப்பார்கள். கோயில் மண்டபத்திலும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் கூட்டத்திலும் சாப்பாட்டுக் கடையிலும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். நான் பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுத்தவன், மருத்துவன் அல்ல. உடம்புக்கு ஏதாவது என்றால் கிளினிக்குக்குத்தான் போக வேண்டும்.

ஐயா, சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். கைப்பேசியால் மூளையில் கட்டி வருமா?

வருகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. இருபது முப்பது வருடமாகத் தேடியும் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தேடல் சின்னதல்ல. டென்மார்க்கில் 1982 முதல் 1995 வரை கைப்பேசிச் சந்தா எடுத்த 4 லட்சத்து 20 ஆயிரம் பேரின் பெயர்களை நாட்டின் புற்றுநோய்ப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பிரிட்டனில் 7 லட்சத்து 76 ஆயிரம் பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2022இல் முடிவை வெளியிட்டார்கள். தினமும் கைப்பேசி பயன்படுத்தியவர்களுக்கும் தொடவே தொடாதவர்களுக்கும் மூளைக் கட்டியில் வித்தியாசம் இல்லை. காஸ்மாஸ் என்ற ஐரோப்பிய ஆய்வு 2 லட்சத்து 64 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்து 2024இல் சொன்னதும் இதுதான். அதே ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டபடி ஆஸ்திரேலிய ஆய்வாளர் கென் கரிப்பிடிஸ் தலைமையிலான குழு 22 நாடுகளைச் சேர்ந்த 63 ஆய்வுக் கட்டுரைகளை அலசியது. பத்து வருடத்துக்கு மேல் பயன்படுத்தியவர்களிடமும் மூளைப் புற்றுநோய் கூடவில்லை என்பது அவர்கள் முடிவு.

என்னை அதிகம் நம்ப வைத்தது இந்த ஆய்வுகள்கூட இல்லை, பதிவேட்டுக் கணக்கு. ஆஸ்திரேலியாவில் 1993இல் நூற்றில் 9 பேரிடம் இருந்த கைப்பேசி பிறகு 90 பேரிடம் வந்துவிட்டது. 1982 முதல் 2012 வரை அங்கே பதிவான மூளைப் புற்றுநோயை எடுத்துப் பார்த்தால் 70 வயதுக்குக் கீழே உள்ளவர்களிடம் அதற்கேற்ற ஏற்றம் எதுவும் இல்லை. 70ஐத் தாண்டியவர்களிடம் கொஞ்சம் கூடியிருக்கிறது. ஆனால் அந்த ஏற்றம் கைப்பேசி வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. ஸ்கேன் வசதி பெருகி, முன்பு தெரியாமல் போன கட்டிகள் தெரிய வந்ததுதான் காரணம் என்கிறார்கள்.

அப்படியானால் உலகச் சுகாதார நிறுவனமே 'புற்றுநோய் வரலாம்' என்று ஏன் அறிவித்தது? புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) அந்தச் செய்தி இன்னும் சுற்றுகிறதே?

அது 2011 மே மாதச் செய்தி. உலகச் சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் பிரான்சின் லியோன் நகரில் இருக்கிறது. 14 நாடுகளைச் சேர்ந்த 31 அறிவியலாளர்கள் அங்கே கூடி, கைப்பேசியும் டவரும் பயன்படுத்தும் வானொலி அலைகளை '2பி' என்ற பிரிவில் போட்டார்கள். சந்தேகத்துக்கு இடம் இருக்கிறது, சான்று அரைகுறை என்று பொருள்.

இந்த நிறுவனம் பட்டியல் போடும் முறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு பொருள் புற்றுநோய் உண்டாக்கும் என்பதற்குச் சான்று எவ்வளவு உறுதியானது என்பதை வைத்தே பிரிக்கிறார்கள். எவ்வளவு ஆபத்து என்பதை அந்தப் பிரிவு சொல்லாது. அதே 2பி பிரிவில் கற்றாழையின் முழு இலைச் சாறும் இருக்கிறது. 2023இல் அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பும் சேர்ந்துகொண்டது.

சரி, முதல் பிரிவில், அதாவது சந்தேகமே இல்லை என்ற இடத்தில், என்ன இருக்கிறது தெரியுமா? சிகரெட், மது, வெயில். கூடவே கொட்டைப்பாக்கு. புகையிலை சேர்த்த வெற்றிலையும் சேர்க்காத வெற்றிலையும் இரண்டுமே அந்தப் பிரிவில்தான். 2004ஆம் ஆண்டிலிருந்து இப்படித்தான் இருக்கிறது. வாய் நிறைய வெற்றிலை பாக்கைக் குதப்பிக்கொண்டே "பேரன் காதில் அந்த போனை வைக்காதேடா, கேன்சர் வரும்" என்று அதட்டும் பாட்டிமார் நம் ஊரில் நிறைய. பேரனுக்கு இருப்பது ஒரு சந்தேகம். பாட்டிக்கு இருப்பது நிரூபிக்கப்பட்ட ஆபத்து. இதை எந்தப் பேரனும் பாட்டியிடம் சொல்லி நான் பார்த்ததில்லை.

தோட்டத்துப் பட்டியலையும் பார்த்துவிடலாம். புல்லுக்கு அடிக்கும் கிளைபோசேட் மருந்து 2015இல் '2ஏ' பிரிவுக்குப் போனது. வானொலி அலைகளைவிட ஒரு படி மேல். வேறு சில நாடுகளின் கண்காணிப்பு அமைப்புகள் அதை ஏற்கவில்லை, வாதம் இன்னும் ஓயவில்லை. பாராகுவாட் வேறு கதை. அது புற்றுநோய்க் கேள்விக்கே போக வேண்டாம், நேரடி நஞ்சு. மலேசியா அதை 2020 ஜனவரி முதல் தடை செய்துவிட்டது. முதுகில் பம்பைச் சுமந்து பல வருடம் மருந்தடித்த நம் பெண்களிடம் போய் டவரைப் பற்றிப் பயமுறுத்துவது எனக்கு விசித்திரமாகத்தான் படுகிறது.

நாள் முழுக்கப் பேசுபவர்களுக்குக் கட்டி அதிகம் என்று ஓர் ஆய்வு சொன்னதாமே?

இன்டர்போன் ஆய்வைச் சொல்கிறீர்கள். 13 நாடுகள், 2010இல் முடிவு. மூளைக் கட்டி உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் உட்கார வைத்து, முன்பு எவ்வளவு பேசினீர்கள், எந்தக் காதில் வைத்தீர்கள் என்று கேட்டார்கள். மொத்தம் 1,640 மணி நேரத்துக்கு மேல் பேசியதாகச் சொன்ன குழுவில் கிளியோமா என்னும் கட்டி 40 விழுக்காடு கூடுதலாகத் தெரிந்தது. தலைப்புச் செய்தி ஆனது இந்தப் பகுதி.

செய்தியில் வராத பகுதி: அதே ஆய்வில், சாதாரணமாகக் கைப்பேசி பயன்படுத்தியவர்களுக்கு, பயன்படுத்தாதவர்களைவிடக் கட்டி குறைவாக இருந்தது! கைப்பேசி மூளையைக் காக்கிறது என்று யாராவது சொல்வார்களா? கணக்கில் எங்கோ கோணல் இருக்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம். கட்டி வந்தவர் காரணம் தேடித் தவிப்பார், பத்து வருடத்துக்கு முன்பு பேசியதைக் கூட்டிச் சொல்வார். ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் பேசியதாகச் சிலர் சொன்னதை நம்ப முடியவில்லை என்று ஆய்வாளர்களே குறித்திருக்கிறார்கள். நினைவைக் கேட்டு எழுதும் ஆய்வில் இந்தத் தொல்லை எப்போதும் உண்டு. பிற்பாடு வந்த காஸ்மாஸ் ஆட்களை முன்கூட்டியே சேர்த்துக்கொண்டு, நோய் வருகிறதா என்று காத்திருந்து பார்த்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

எலிகளுக்குப் புற்றுநோய் வந்ததாமே?

வந்தது. அமெரிக்க அரசின் தேசிய நச்சியல் திட்டம் 3 கோடி டாலர் செலவழித்து 2018இல் முடித்த ஆய்வு அது. ஆண் எலிகளின் இருதயத்தில் ஒரு வகைக் கட்டி தெளிவாகத் தெரிந்தது. ஆனால் அந்த எலிகளுக்கு ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம், இரண்டு வருடம், உடம்பு முழுக்க அலை பாய்ச்சினார்கள். மிகக் கூடிய அளவு கிலோவுக்கு 6 வாட். கைப்பேசிக்கு, தலையின் ஒரு சிறு பகுதிக்கு மட்டும் அனுமதிக்கப்பட்ட உச்சமே 2 வாட்தான். பெண் எலிகளிடம் அந்தத் தெளிவு இல்லை. இன்னொரு வேடிக்கை, அலை பட்ட ஆண் எலிகள் படாத எலிகளைவிட அதிக காலம் வாழ்ந்தன. இந்த ஆய்வைத் தூக்கி எறியவும் முடியாது, மனிதருக்கு அப்படியே பொருத்தவும் முடியாது.

கதிர்வீச்சு என்றாலே ஆபத்துதானே? புக்கிட் மேராவை மறந்துவிட்டீர்களா?

மறக்கவில்லை. பேராக்காரர்களுக்கு அந்தப் பயம் சும்மா வந்ததில்லை. ஈப்போவுக்குப் பக்கத்தில் புக்கிட் மேராவில் 1982 முதல் ஏஷியன் ரேர் எர்த் ஆலை இயங்கியது. வெள்ளீயம் எடுத்த பிறகு எஞ்சும் மணலில் மொனசைட் என்ற தாது இருக்கும். அதிலிருந்து அருமண் உலோகங்களைப் பிரித்தார்கள். மிச்சமானது தோரியம் கலந்த கழிவு. பாப்பான் என்ற பக்கத்து ஊர் மக்கள் அந்தக் கழிவு தங்கள் ஊருக்கு வரக்கூடாது என்று மறியல் செய்தார்கள். புக்கிட் மேரா மக்கள் 1985இல் வழக்குப் போட்டார்கள். 1992இல் ஈப்போ உயர் நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள், அடுத்த ஆண்டு மேல்முறையீட்டில் தோற்றார்கள். 1994இல் ஆலை மூடப்பட்டது.

அந்தத் தோரியமும் டவரும் ஒரே வகை இல்லை. தோரியம் போன்ற பொருள் தானாகச் சிதைந்து துகள்களையும் காமாக் கதிரையும் வெளியிடும். அவை உடம்பின் அணுக்களிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கி, மரபணுவை உடைக்கக்கூடியவை. அப்படிப் பிடுங்குவதற்குச் சுமார் 10 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் தேவை. கைப்பேசி அலையின் ஒரு ஒளித்துகளில் இருக்கும் ஆற்றல் அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவுதான். வீட்டு விளக்கின் வெளிச்சத்தில்கூட அதைவிட எத்தனையோ ஆயிரம் மடங்கு உண்டு. கைப்பேசி அலை செய்வதாக நிச்சயமாகத் தெரிந்த ஒரே வேலை, திசுவை மிகக் கொஞ்சம் சூடாக்குவது. இன்னொன்றையும் கவனியுங்கள்: டவரின் மின்சாரத்தை நிறுத்தினால் அந்த விநாடியே அலை நின்றுவிடும். தோரியக் கழிவை எந்த சுவிட்சைத் தட்டியும் நிறுத்த முடியாது. அதனால்தான் அதைக் குழி தோண்டி மூடிக் காவல் வைக்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் 2011இல் 47 பேரை 50 நிமிடம் கைப்பேசியோடு வைத்து ஸ்கேன் எடுத்தபோது, ஆண்டெனாவை ஒட்டிய மூளைப் பகுதி 7 விழுக்காடு கூடுதல் குளுக்கோஸை எரித்தது தெரிந்தது. அதனால் கெடுதல் உண்டா என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. சூடாக்குவதைத் தவிர வேறு எதுவுமே நடக்காது என்று நானும் அடித்துச் சொல்ல மாட்டேன்.

டவர் வீட்டுக்குப் பின்னாலேயே வந்தால்? அதுவும் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. மக்கள் நினைப்பதற்கும் நடப்பதற்கும் அதிக தூரம் இருப்பதும் இதில்தான்.

மலேசியாவில் டவர்களுக்கான அலை வரம்பை மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம் கவனிக்கிறது. பின்பற்றுவது பன்னாட்டு வரம்பு. 900 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு ஒரு சதுர மீட்டருக்கு 4.5 வாட் என்பது பொதுமக்களுக்கான உச்சம். தீங்கு தொடங்கும் அளவை முதலில் கணக்கிட்டு, அதில் ஐம்பதில் ஒரு பங்கை வைத்துத்தான் இந்த வரம்பைக் கட்டியிருக்கிறார்கள். உலகச் சுகாதார நிறுவனம் தொகுத்த அளவீடுகளில், டவர்களைச் சுற்றி மக்கள் நடமாடும் இடங்களில் பதிவானது வரம்பில் 0.002 விழுக்காட்டிலிருந்து 2 விழுக்காடு வரைதான். டவரின் ஆண்டெனா அலையைக் கீழே கொட்டுவதில்லை. ஏறக்குறைய கிடைமட்டமாக வெளியே வீசுகிறது. எனவே டவருக்கு நேர் அடியில் இருக்கும் வீட்டில் அலை குறைவாகவும், கொஞ்சம் தள்ளி இருக்கும் வீட்டில் கூடுதலாகவும் இருக்கலாம்.

இப்போது கையில் இருக்கும் போனுக்கு வாருங்கள். போன் எப்போதும் ஒரே பலத்தில் அலை அனுப்புவதில்லை. டவர் பக்கத்தில் இருந்தால் மெல்லப் பேசும். டவர் தூரத்தில் இருந்தால், செம்பனை வரிசையின் அந்தக் கோடியில் நிற்பவரை நாம் தொண்டை கிழியக் கூப்பிடுவது போலக் கத்தும். நல்ல லைனுக்கும் மோசமான லைனுக்கும் இடையே இந்த வித்தியாசம் ஆயிரம் மடங்கைக்கூடத் தாண்டும். அந்தக் கத்தல் நடப்பது நம் காதை ஒட்டி. தூரம் இரண்டு மடங்கானால் அலை நாலில் ஒரு பங்காகக் குறையும் என்பதால், எட்டத்தில் நிற்கும் பெரிய டவரைவிடக் கன்னத்தில் ஒட்டியிருக்கும் சின்ன போன்தான் தலைக்குள் அதிக அலையைச் செலுத்துகிறது.

கூட்டிக் கழித்துப் பார்த்தால், அலையைக் குறைக்க வேண்டும் என்று நினைப்பவர் டவரைப் பக்கத்தில் கேட்க வேண்டும், விரட்டக்கூடாது. இதைக் கூட்டத்தில் சொன்னால் கம்பெனிக்காரன் ஆள் என்று பார்ப்பார்கள். பரவாயில்லை.

அதற்காக டவர் கட்டுபவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுங்கள் என்று அர்த்தம் இல்லை. நகராண்மைக் கழகத்தின் அனுமதி இருக்கிறதா, இடிதாங்கி சரியாக இருக்கிறதா, ஜெனரேட்டர் சத்தம் யார் வீட்டுப் பக்கம், கட்டி முடித்த பிறகு அலையை அளந்து காட்டுவார்களா என்று கேளுங்கள்.

தோட்டத்துக்குள் ஒரு கோடுதான் லைன். அங்கே பேசினால் போன் சுடுகிறது. அந்தச் சூடு மூளைக்குப் போகிறதா?

காதில் தெரியும் சூட்டில் பெரும் பகுதி பேட்டரியிலிருந்தும் போனின் உள் பாகங்களிலிருந்தும் வருவது. கன்னத்தை மூடிக்கொண்டு காற்றுப் போகாததும் ஒரு காரணம். ஆனால் போன் அதிகம் உழைக்கிறது என்பதற்கு அந்தச் சூடு அடையாளம்தான். 4ஜியில் போனின் உச்ச பலம் 0.2 வாட் அளவு. பழைய 2ஜியில் விட்டுவிட்டு அனுப்பும்போது 2 வாட் வரை போகும், சராசரி கால் வாட். நம் நாட்டில் 3ஜியை 2021 இறுதியோடு நிறுத்திவிட்டார்கள். 4ஜி எட்டாத இடத்தில் பேச்சு 2ஜிக்கு இறங்கிவிடும்.

குலை வெட்டப் போகும் இடத்தில் இப்படி இருந்தால் ஸ்பீக்கரில் பேசுங்கள், அல்லது இயர்போன் போடுங்கள். போன் காதிலிருந்து ஒரு சாண் விலகினாலே தலைக்குப் போவது வெகுவாகக் குறைந்துவிடும். செய்தி அனுப்புவது அதைவிடச் சுலபம். இதற்குக் காசும் செலவில்லை.

5ஜி வேறு மாதிரி என்கிறார்களே?

பெரிதாக இல்லை. நம் நாட்டில் 5ஜி 2021 டிசம்பரில் தொடங்கியது. முக்கியமாக 700 மெகாஹெர்ட்ஸிலும் 3.5 கிகாஹெர்ட்ஸிலும் ஓடுகிறது. 700 என்பது முன்பு தொலைக்காட்சி ஓடிய பக்கம், 3.5 என்பது வைஃபை ஓடும் அலைகளுக்குப் பக்கத்து வீடு. அதிர்வெண் ஏற ஏற அலை உடம்புக்குள் போகும் ஆழம் குறையும், மிக உயர்ந்த அதிர்வெண்ணில் தோலோடு நின்றுவிடும். கோவிட் நேரத்தில் 5ஜிதான் நோயைப் பரப்புகிறது என்று பிரிட்டனில் டவர்களுக்குத் தீ வைத்தார்கள். அப்போது 5ஜியே வராத நம் தோட்டங்களிலும் கோவிட் வந்தது.

சின்னப் பிள்ளைகளின் மண்டை ஓடு மெல்லிசு. அவர்களுக்கு அதிகம் பாதிக்காதா?

நியாயமான கவலை. பிள்ளைகளின் தலையில் சில பகுதிகள் பெரியவர்களைவிட அதிக அலையை உறிஞ்சுவது உண்மை. அதனால்தான் தனியாக ஆய்வு செய்தார்கள். மோபி-கிட்ஸ் என்ற ஆய்வு 14 நாடுகளில் மூளைக் கட்டி வந்த 10 முதல் 24 வயது வரையிலான சுமார் 900 பேரை எடுத்துப் பார்த்தது. கைப்பேசிக்கும் கட்டிக்கும் தொடர்பு தெரியவில்லை.

பிள்ளைகள் விஷயத்தில் எனக்குக் கவலை இருக்கிறது, ஆனால் வேறு இடத்தில். இந்தக் காலப் பிள்ளைகள் போனைக் காதில் வைப்பதே அபூர்வம், கண் முன்னால்தான் வைத்திருக்கிறார்கள். அடுத்த கேள்வி அதைப் பற்றியது.

கண் கெட்டுப்போகுமா?

கிட்டப்பார்வை வருவதற்கு வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடப்பது ஒரு காரணம் என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. சீனாவின் குவாங்சோ நகரில் முதல் வகுப்புப் பிள்ளைகளில் ஒரு பகுதியினரைத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டார்கள். மூன்று வருடத்தில் அவர்களில் நூற்றுக்கு 30 பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது. வழக்கம்போல் இருந்தவர்களில் ஏறக்குறைய 40 பேருக்கு வந்தது. பகல் வெளிச்சம் கண்ணின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்துகிறது என்கிறார்கள்.

தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்கள் பள்ளி விட்டதும் ஆற்றுக்கும் திடலுக்கும் ஓடினோம். இப்போது தாமான் வீட்டில் கேட்டைப் பூட்டி, கையில் போனைக் கொடுத்து உட்கார வைக்கிறோம். ரோட்டில் லோரி போகிறது, வேறு வழியில்லை என்கிறார்கள். அதுவும் உண்மைதான். சாயங்காலம் ஒரு மணி நேரம் திடலில் விட யாராவது ஒரு தாத்தா துணைக்கு வந்தாலும் போதும்.

ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் அளவு சொல்லியிருக்கிறது: இரண்டு வயது ஆகும்வரை திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயதுவரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். அலைக்குப் பயந்து சொன்னதல்ல இது. ஓடியாடுவதும் தூங்குவதும் குறைகிறது என்பதற்காகச் சொன்னது.

கால்சட்டைப் பையில் வைத்தால் ஆண்மைக்குக் கேடா?

இளைஞர்கள் தனியாக வந்து கேட்கும் கேள்வி. சுவிட்சர்லாந்தில் 2005 முதல் 2018 வரை 2,886 இளைஞர்களைச் சோதித்தார்கள். ஒரு நாளைக்கு 20 தடவைக்கு மேல் போனைப் பயன்படுத்தியவர்களிடம் விந்தணு எண்ணிக்கை குறைவாக இருந்தது. ஆனால் போனைப் பையில் வைப்பதற்கும் அதற்கும் தொடர்பு தெரியவில்லை. 2ஜி போய் 4ஜி வந்த வருடங்களில் அந்த வித்தியாசமும் தேய்ந்துகொண்டே வந்தது. போனை அதிகம் பார்ப்பவர்கள் தூக்கத்திலும் உழைப்பிலும் உணவிலும்கூட வேறு மாதிரி இருக்கலாம் அல்லவா? ஐயம் இருந்தால் சட்டைப் பையில் வையுங்கள். சிகரெட்டை விட்டால் இன்னும் நல்லது, அதன் கேட்டில் ஐயமே இல்லை.

டவர் வந்த நாளிலிருந்து எனக்குத் தலைவலி, தூக்கம் இல்லை. இதையும் கற்பனை என்பீர்களா?

மாட்டேன். வலி நிஜம். அதற்குக் காரணம் அலையா என்பதுதான் கேள்வி.

அலை தங்களைத் தாக்குகிறது என்று சொல்பவர்களை ஓர் அறையில் வைத்து, அலை இருக்கிறதா இல்லையா என்று அவர்களுக்கும் சோதிப்பவர்களுக்கும் தெரியாமல் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். 2005இல் லண்டன் ஆய்வாளர்கள் தொகுத்த 31 சோதனைகளில் 725 பேர் கலந்துகொண்டார்கள். அலை இருப்பதை நம்பகமாக உணர அவர்களால் முடியவில்லை. அலை இல்லாதபோதும் வலி வந்தது. 2013இல் இன்னொரு சோதனை: வைஃபை ஆபத்து என்று சொல்லும் தொலைக்காட்சிச் செய்தியைச் சிலருக்குக் காட்டிவிட்டு, பிறகு பொய்யாக ஒரு கருவியை வைத்தார்கள். பங்கெடுத்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஏதோ செய்கிறது என்றார்கள். கருவியில் அலையே இல்லை.

பயம் உடம்பைப் படுத்தும் என்பது நம் ஆட்களுக்குப் புதிதல்ல. தலைவலி விடாமல் இருந்தால் இரத்த அழுத்தத்தையும் கண்ணையும் பார்க்கச் சொல்லுங்கள். டவர்மேல் பழியைப் போட்டுவிட்டு இரத்த அழுத்தத்தைக் கவனிக்காமல் விடுவதுதான் எனக்குக் கவலை.

கதிரைத் தடுக்கும் ஸ்டிக்கர், பதக்கம் வாங்கலாமா? பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்கிறார்கள், நேரடி விற்பனைக்காரரும் வீட்டுக்கு வருகிறார்.

வாங்க வேண்டாம். ஸ்டிக்கர் உண்மையிலேயே அலையைத் தடுத்தால் போன் வேலை செய்யாது. பாதி தடுத்தால், போன் இன்னும் பலமாக அலை அனுப்பும். அமெரிக்க வாணிப ஆணையமே இப்படி எச்சரித்திருக்கிறது.

பதக்கத்தின் கதை இன்னும் மோசம். 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு அமைப்பு, 5ஜியிலிருந்து காப்பதாக விற்கப்பட்ட பத்துப் பொருள்களைச் சோதித்தது. சங்கிலி, கைவளை, தூங்கும்போது கண்ணுக்குக் கட்டும் பட்டை. பத்தும் கதிரியக்கம் உள்ளவை. நீண்ட நாள் அணிந்தால் கெடுதல், போடாதீர்கள் என்று அறிவித்தார்கள். இல்லாத ஆபத்துக்குப் பயந்து, இருக்கிற ஆபத்தைக் காசு கொடுத்து வாங்கி, பிள்ளை கழுத்தில் மாட்டியிருக்கிறார்கள்.

ஆய்வுக்குப் பணம் கொடுப்பதே போன் கம்பெனிகள்தானே?

சிலவற்றுக்கு ஆம். இன்டர்போனுக்குக் கைப்பேசித் தயாரிப்பாளர்களின் பணமும் வந்தது, ஆய்வாளர்களிடம் நேரடியாகப் போகாதபடி நடுவில் ஏற்பாடு இருந்தது. டென்மார்க் ஆய்வின் தொடக்கத்திலும் தொலைபேசி நிறுவனங்களின் உதவி இருந்தது. எலி ஆய்வு முழுக்க அமெரிக்க அரசுப் பணம். ஆகவே சந்தேகப்படுவது சரியே. ஆனால் எல்லா நாட்டுப் புற்றுநோய்ப் பதிவேடுகளையும் ஒரு கம்பெனி வாங்கிவிட முடியாது.

தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கலாமா?

அலைக்காகப் பயப்பட வேண்டியதில்லை. சார்ஜில் போட்டுத் தலையணைக்கு அடியில் வைப்பதுதான் தப்பு, சூடு வெளியேறாமல் தீப்பிடிக்கலாம். சிரிம் தர முத்திரை இல்லாத மலிவு சார்ஜர் என்றால் இன்னும் மோசம்.

தூக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2015இல் வெளியான ஒரு சோதனையில், படுக்கும் முன் ஒளிரும் திரையில் படித்தவர்கள் தாளில் படித்தவர்களைவிடச் சுமார் பத்து நிமிடம் தாமதமாகத் தூங்கினார்கள். கலந்துகொண்டது 12 பேர்தான், பெரிய வித்தியாசமும் இல்லை. விடியற்காலை பிரட்டுக்கு (தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் கூட்டத்துக்கு) போக வேண்டியவரை நள்ளிரவு தாண்டியும் விழிக்க வைப்பது நீல வெளிச்சத்தைவிட ஒன்றன்பின் ஒன்றாக வரும் வீடியோக்கள்தான் என்பது என் கணிப்பு. போனைச் சமையலறையில் வைத்துவிட்டு, எழுப்புவதற்கு ஒரு பழைய கடிகாரம் வாங்குங்கள்.

இடி மின்னலில் போன் பேசினால் மின்னல் இழுக்குமா?

போன் மின்னலை இழுக்காது. ஆனால் சார்ஜர் வயரோடு பேசக்கூடாது, மின்னல் மின்கம்பி வழியாக வீட்டுக்குள் வரலாம். திறந்த வெளியில் நிற்பதும் மரத்தடியில் ஒதுங்குவதும்தான் உயிருக்கு ஆபத்து, கையில் போன் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

இருதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறார்கள். போன் பிடிக்கலாமா?

பிடிக்கலாம். கருவி இருக்கும் இடத்திலிருந்து 15 சென்டிமீட்டராவது தள்ளியே இருக்கட்டும். சட்டைப் பையில் வேண்டாம், மறுபக்கக் காதில் வைத்துப் பேசுங்கள். காந்தம் பதித்த புது மாடல்கள் அந்தக் கருவியின் போக்கை மாற்றக்கூடும் என்று 2021இல் மருத்துவர்கள் காட்டினார்கள்.

சரி, கடைசியாக, போனால் யாராவது செத்திருக்கிறார்களா?

செத்திருக்கிறார்கள், ரோட்டில். வண்டி ஓட்டிக்கொண்டே போன் பயன்படுத்துபவர் விபத்துக்குள்ளாகும் வாய்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். கையில் பிடிக்காமல் இயர்போனில் பேசினாலும் பெரிதாகக் குறைவதில்லை, ஏனென்றால் கவனம் பேச்சில் இருக்கிறது. மேலே அலைக்காக நான் இயர்போன் போடச் சொன்னது நடந்துகொண்டோ உட்கார்ந்துகொண்டோ பேசுபவர்களுக்கு மட்டும்.

ஈப்போவிலிருந்து கோலக்கங்சார் போகும் கூட்டரசு சாலை நம் ஊருக்கு நடுவே போகிறது. 80 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு விநாடி திரையைப் பார்த்தால் 44 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு போனதற்குச் சமம். இந்த நாட்டில் சாலையில் இறப்பவர்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக்கொண்டு பேசிப் போகும் பிள்ளைகளைப் பெற்றவர்கள், டவர் எதிர்ப்புக் கூட்டத்துக்கு அதே மோட்டாரில்தான் வருகிறார்கள்.

என் போன் எவ்வளவு அலை விடுகிறது என்று எங்கே பார்ப்பது?

எண்களை அழுத்தும் இடத்தில் *#07# என்று போடுங்கள், பல போன்களில் 'எஸ்.ஏ.ஆர்' என்ற எண்ணோ அதைக் காட்டும் பக்கமோ வரும். ஒரு கிலோ திசு எத்தனை வாட் உறிஞ்சுகிறது என்பதுதான் அது. தலைக்கான வரம்பு கிலோவுக்கு 2 வாட். சோதனைக்கூடத்தில் போன் முழு பலத்தில் அனுப்பும்போது அளந்த எண் அது. எண் குறைந்த போன் எண் கூடிய போனைவிடப் பாதுகாப்பு என்று அதை வைத்து முடிவு செய்ய முடியாது, லைன் எப்படி என்பதைப் பொறுத்து நிஜ அளவு ஏறி இறங்கும். 2023 செப்டம்பரில் பிரான்ஸ் ஐபோன் 12 விற்பனையை நிறுத்தியது இந்த எண்ணுக்காகத்தான். கையில் பிடித்திருக்கும் நிலையில் வரம்பு 4 வாட், அங்கே அளந்தபோது 5.74 வந்தது. நிறுவனம் மென்பொருளைத் திருத்தியதும் விற்பனைக்கு மறுபடி விட்டார்கள்.